ஈமானுக்குக் குறுக்கே நிற்பவை

 

அல்லாஹ்வின் மீது நம்பிக்கை தளர்ந்தவரைப் பார்த்தால் "படிப்பு கூடிப்போச்சு", "சேர்க்கை சரியில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அறக்கட்டளை வேலையாக வீடு வீடாகப் போய்வந்ததில் நாம் கண்டது வேறு. பெரும்பாலானவர்களை ஈமானை விட்டுத் தள்ளி நிறுத்தியது வாதம் அல்ல. ஆறாத துக்கம், பதில் கிடைக்காத கேள்வி, மார்க்கத்தின் பெயரால் நடந்த அநியாயம், உள்ளே இருக்கும் பெருமை ஆகிய நான்கும்தான். இவற்றில் பலவற்றை நாமே கொண்டுபோய் அவர்கள் பாதையில் போடுகிறோம்.

முதலாவது துக்கம். 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து நம் பகுதி வழியாகப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பூந்தோட்டங்கள் அழிந்தன. அந்த வாரம் நிவாரணப் பொருட்களோடு ஒரு சகோதரர் வீட்டுக்குப் போனோம். அத்தா வைத்த தோப்பு முழுவதையும் இழந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நம்மோடு வந்தவர் ஆறுதல் சொல்வதாக நினைத்து, "ஜகாத்தை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் இந்தச் சோதனை வந்திருக்குமா பாய்?" என்றார். நாமும் அதை மறுக்காமல் நின்றோம். அரிசியை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவரைப் பள்ளிவாசலில் பார்க்க முடியவில்லை.

அவருடைய தோப்பு ஏன் சாய்ந்தது என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல நாம் பேசினோம். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் குழந்தையாகவே மரணித்தபோது அவர்கள் கண்ணீர் விட்டார்கள். அன்று சூரிய கிரகணமும் பிடித்தது. குழந்தையின் மரணத்துக்காகத்தான் கிரகணம் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கித் தொழுகைக்கு அழைத்தார்கள். தம் வீட்டுத் துக்கத்துக்கே அவர்கள் அப்படிக் காரணம் கற்பிக்க விடவில்லை. அடுத்தவர் துக்கத்துக்குக் காரணம் சொல்ல நாம் யார்?

இரண்டாவது கேள்வி. கல்லூரிக்குப் போகும் பிள்ளை "அல்லாஹ் இருக்கிறான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டால், "தவ்பா செய்" என்று வாயை அடைக்கிறோம். பிள்ளை கேட்பதை நிறுத்திக்கொள்கிறான். சந்தேகம் தீர்ந்ததால் அல்ல, கேட்க ஆளில்லாததால். இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிப்பாய் என்று காட்டும்படி இப்ராஹீம் நபி (அலை) தம் உள்ளம் அமைதி பெறுவதற்காக இறைவனிடமே கேட்டதை அல்பகரா அத்தியாயத்தின் 260ஆவது வசனத்தில் ஓதுகிறோம். வெளியே சொல்லக் கூசும் எண்ணங்கள் மனதில் வருவதாகத் தோழர்கள் சிலர் முறையிட்டபோது, அந்தக் கூச்சமே ஈமானின் அடையாளம் என்று நபி (ஸல்) அவர்கள் தேற்றி அனுப்பினார்கள்.

இமாம் கஸ்ஸாலி அவர்களும் இந்தப் பாதையைக் கடந்தவர்தாம். கண்ணும் காதும் காட்டுவதையே நம்ப முடியாமல் ஏறக்குறைய இரண்டு மாதம் தவித்ததைத் தம் நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பிற்பாடு பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் பேராசிரியராக இருந்தபோது இன்னொரு நெருக்கடி. பாடம் நடத்த நா எழவில்லை. 1095இல் அந்தப் பதவியை விட்டுவிட்டு வெளியேறினார். அப்பேர்ப்பட்டவருக்கே சந்தேகம் வந்தது என்றால், பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு வருவதில் என்ன அதிசயம்?

மூன்றாவது, மார்க்கத்தின் பெயரால் நடக்கும் அநியாயம். தந்தை பெரியார் 1904 வாக்கில் காசிக்குப் போனபோது, பிறப்பைக் காரணம் காட்டிச் சத்திரத்தில் சோறு மறுக்கப்பட்டு, பசி தாங்காமல் எச்சில் இலைச் சோற்றை உண்டதை அவருடைய வாழ்க்கை வரலாற்றில் படிக்கிறோம். அந்த ஒரு நாளே அவரை நாத்திகராக்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் கடவுளின் பெயரால் மனிதன் இழிவுபடுத்தப்படுவதுதான் கடைசிவரை அவருடைய முதல் குற்றச்சாட்டாக இருந்தது. இஸ்லாத்தின் சமத்துவத்தை அவர் மேடைகளில் பாராட்டியதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சமத்துவம் நம் வீடுகளில் இருக்கிறதா? கைக்கூலி கொடுக்க வழியில்லாமல் கண் கலங்கும் பெண்ணின் அத்தா, முதல் வரிசையில் தொழுபவரே அதைக் கேட்டு வாங்குவதைப் பார்க்கிறார். அவர் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். நாளை அவர்கள் ஈமானைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

நான்காவது பெருமை. இது ஒவ்வொருவரும் தனக்குள் தேட வேண்டியது. நபி (ஸல்) அவர்கள் பொய் சொல்லாதவர் என்று அபூஜஹ்லுக்குத் தெரியும். இருந்தும் போட்டிக் குடும்பத்திலிருந்து ஒருவர் நபியாக வந்ததை அவனால் ஏற்க முடியவில்லை. சான்று போதாமல் அல்ல, தன் குலம் தாழ்ந்துவிடுமே என்றுதான் மறுத்தான். உண்மை தெரிந்தும் இறங்கி வர மனமில்லாத இந்த நோய் மறுப்பவர்களிடம் மட்டும் இல்லை. தொழுகிற நம்மிடமும் இருக்கிறது.

அது நம்மிடம் இருந்ததால்தான் அந்தத் தோப்புக்காரச் சகோதரர் வீட்டுக்குத் திரும்பப் போக நமக்கு நான்கு வருடம் ஆயிற்று. போனோம். "அன்றைக்கு நாங்கள் பேசியது தவறு, மன்னித்துவிடுங்கள்" என்றோம். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு புதிதாக வைத்த தென்னங்கன்றுகளைக் காட்டினார். தொழ வாருங்கள் என்று நாம் அழைக்கவில்லை. டீ குடித்துவிட்டு வந்தோம். அடுத்த ரமளானில் ஒரு நாள் நோன்புக் கஞ்சிக்கு வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தார். இப்போதும் எப்போதாவதுதான் வருகிறார். ஹிதாயத் கொடுப்பது அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. பாதையில் கல்லைப் போடாமல் இருப்பதும், போட்ட கல்லை எடுப்பதும் நம் கையில் இருக்கிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள். துக்க வீட்டுக்குப் போனால் காரணம் சொல்லாதீர்கள். சாப்பாடு கொண்டுபோங்கள், கூட உட்காருங்கள். பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள்; பதில் தெரியாவிட்டால் "தெரியாது, ஹஜ்ரத்திடம் சேர்ந்து கேட்போம்" என்று சொல்லுங்கள். உங்களால் மனம் புண்பட்டுப் பள்ளிவாசலை விட்டு விலகியவர் யாராவது இருந்தால், இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள்.

நம் எல்லோருடைய ஈமானையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. பிறருடைய ஈமானுக்கு நம்மைத் தடையாக ஆக்காமல் இருப்பானாக. ஆமீன்.