ஐகான் வந்தால் போதுமா? இண்டெக்ஸும் வேண்டும்!

திருக்கழுக்குன்றத்தில் என் சித்தப்பா பத்திரம் எழுதுகிறார். புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, பழைய ஃபைல்களை எல்லாம் டி டிரைவில் காப்பி செய்தார். மறுநாளே போன். "டேய், எல்லா ஃபைலும் வெள்ளைத் தாளா தெரியுதுடா. இருபது வருஷ வேலை போச்சு!"

எதுவும் போகவில்லை. ஃபைல் பெயரின் கடைசியில் உள்ள எக்ஸ்டென்ஷனைப் பார்த்து, அதைத் திறக்கும் புரோகிராமின் ஐகானை விண்டோஸ் காட்டும். அப்படி ஒரு புரோகிராம் இல்லை என்றால் வெள்ளை ஐகான்தான். லிப்ரே ஆபீஸ் நிறுவினேன், ஐகான்கள் வந்துவிட்டன. புரோகிராம் இருந்தும் தவறான ஐகான் வந்தால், ஃபைல் மீது ரைட் கிளிக் செய்து, 'ஓப்பன் வித்' மூலம் சரியான புரோகிராமைத் தேர்ந்தெடுத்து, 'எப்போதும்' என்று குறிக்க வேண்டும்.

அந்த வாரமே ஓர் அம்மா வந்தார். 2004-ல் சித்தப்பா எழுதிய தான செட்டில்மென்ட் பத்திரம் தொலைந்துவிட்டது. சர்வே எண் கிடைத்தால் வில்லங்கச் சான்று போட்டு, பத்திர எண்ணைப் பிடித்து, நகல் வாங்கிவிடலாம். அவர் பெயரைத் தட்டித் தேடினால் ஒன்றும் வரவில்லை. "நம்மகிட்ட இல்லம்மா" என்று சித்தப்பா சொல்ல இருந்தார். நான் தடுத்தேன்.

ஐகான் வேறு, தேடல் வேறு. ஃபைலுக்குள் இருக்கும் சொற்களைப் படித்து இண்டெக்ஸில் சேர்ப்பது 'ஐஃபில்டர்' என்ற தனிப் பகுதி. அலுவலகங்களுக்கான மைக்ரோசாஃப்ட் ஷேர்பாயிண்ட் 2007 பதிப்பிலும் இதே கதைதான். பிடிஎஃப் ஐகான் வர 'டாக்ஐகான்' என்ற எக்ஸ்எம்எல் ஃபைலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். உள்ளே தேட, பிடிஎஃப் ஐஃபில்டரைத் தனியாக நிறுவ வேண்டும். முதல் வேலையை மட்டும் முடித்தவர்கள் தேடிப் பார்த்து ஏமாந்தார்கள். 2013 பதிப்பில்தான் பிடிஎஃப் தேடல் உள்ளேயே வந்தது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் (விண்டோஸ் 10, 11) செய்ய வேண்டியவை:

1. ஸ்டார்ட் மெனுவில் 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' என்று தேடித் திறக்கவும்.

2. 'மாடிஃபை' அழுத்தி, உங்கள் ஃபோல்டரை டிக் செய்யவும். சித்தப்பாவின் டி டிரைவ் பட்டியலிலேயே இல்லை!

3. 'அட்வான்ஸ்டு' சென்று 'ஃபைல் டைப்ஸ்' பக்கத்தில் உங்கள் எக்ஸ்டென்ஷனைத் தேர்ந்தெடுத்து, ஃபைலின் உள்ளடக்கத்தையும் சேர்க்கும் இரண்டாவது விருப்பத்தைக் குறிக்கவும்.

4. 'ரீபில்டு' கொடுக்கவும். ஃபைல்கள் அதிகம் என்றால் பல மணி நேரம் ஆகலாம்.

இவ்வளவு செய்தும் அந்த அம்மாவின் பெயர் கிடைக்கவில்லை. காரணம், பத்திரம் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டது. திரையில் 'அ' என்று தெரிந்தாலும் ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில 'எம்' எழுத்துதான். நாம் யூனிகோடு தமிழில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றது. அதற்கு முன் அடித்த பல ஃபைல்களில் இந்தச் சிக்கல் உண்டு.

ஆனால் பாமினியில் எண்கள் எண்களாகவே இருக்கும். எனவே '2004' என்று தேடினேன். நாற்பது ஃபைல்கள் வந்தன. பாமினி எழுத்துருவை நிறுவிவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்தோம். முப்பத்தோராவது ஃபைலில் அவர் பெயரும் சர்வே எண்ணும் இருந்தன. அந்த அம்மா எண்ணைத் தாளில் எழுதி, இரண்டு முறை சரிபார்த்து வாங்கிச் சென்றார்.

இப்போது பழைய ஃபைல்களை கன்வெர்ட்டர் மூலம் யூனிகோடுக்கு மாற்றி வருகிறோம். நீங்களும் மாற்றுங்கள், ஆனால் மூல ஃபைலை அழிக்காதீர்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம் என்பதால், எழுத்தறியும் ஓசிஆர் செய்யாமல் அதற்குள் தேட முடியாது. அதுவரை ஃபைல் பெயரிலேயே ஆண்டையும் ஊரையும் சேர்த்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் 'இல்லை' என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். அது எங்கே தேடியது என்று முதலில் பாருங்கள்.