வாடைக்காற்றும் தீவுப் பயணமும்

மார்கழி பிறந்துவிட்டால் நுவரெலியாவில் கம்பளி தேடாதார் இலர். தை மாதத்து வைகறைகள் சிலவற்றில் புல்வெளியிலும் தேயிலைச் செடியிலும் உறைபனி படிவதையும், கருகிய கொழுந்தைக் கண்டு தோட்டத்தார் கவலுறுவதையும் யாம் அறிவோம். அதே நாட்களில், கொழும்பிலிருந்து ஏறத்தாழ 760 கிலோமீற்றர் மேற்கேயுள்ள மாலைதீவுக் கடலில், பாய் விரித்த படகுகள் தீவு விட்டுத் தீவு சென்றுகொண்டிருக்கும். இங்கே குளிரையும் அங்கே பயணத்தையும் தருவது ஒரே காற்றுத்தான். மலைநாட்டாருக்குக் கடற்பயணத்தைப் பற்றிய கட்டுரை எதற்கு என வினவும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க.

மாரியில் ஆசியப் பெருநிலம் குளிர்கின்றது. அதன்மேலுள்ள வளி கனத்து, வெப்பமான பூமத்திய ரேகைப் பகுதியை நோக்கிப் பாய்கின்றது. புவி சுழலுவதால் அது நேர் தெற்கே செல்லாது வலப்புறம் விலகி, வடகிழக்கிலிருந்து வீசுவதாய் எம்மை அடைகின்றது. இதுவே வடகீழ்ப் பருவக்காற்று, யாழ்ப்பாணத்துக் கடலோடிகளின் வாடை, மாலைதீவாரின் ‘இருவை’. தென்மேல் பருவக்காற்றைப் போல் இது மூர்க்கமானதன்று. தை, மாசி மாதங்களில் காலியிலிருந்து மேற்கே செல்லும் பாய்க்கப்பலுக்கு இது பின்புறத்துப் பக்கவாட்டிலிருந்து கிடைக்கின்றது. பாய்க்கப்பலுக்கு இதனினும் வாய்ப்பான நிலை அரிது. எமது மத்திய மலைத்தொகுதி குறுக்கே நிற்பதனால் மேற்குக் கரையோரம் அக்காலத்தில் அமைதியாகவும் இருக்கும். தாய்லாந்திலிருந்து காலி வழியாக மாலைதீவுக்கும் செங்கடலுக்கும் செல்லும் உல்லாசப் பாய்ப்படகுகள் இம்மாதங்களைத் தேர்ந்துகொள்வது இதன்பொருட்டே.

ஆயின் காற்று உதவினும் தீவுகள் எளிதில் வழிவிடா. மாலைதீவில் ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள், வட்ட வட்டமான முருகைக்கல் தொகுதிகளாய்ச் சிதறிக் கிடக்கின்றன. இத்தகைய தொகுதியை உலகெங்கும் ‘அட்டோல்’ என்கின்றனர். அச்சொல்லே மாலைதீவு மொழி தந்ததாகும். தீவுகள் சில அடி உயரமே உடையன. தென்னைமரம் கண்ணுக்குத் தோன்றும்போது பாறையும் அண்மையில் வந்துவிட்டிருக்கும். ஆதலின் மாலுமிகள் நீரின் நிறத்தையே படிக்கின்றனர். கருநீலம் ஆழம், பச்சை ஆழம் குறைந்த மணற்றரை, பழுப்பு, கப்பலின் அடியைக் கிழிக்கும் முருகைக்கல். இந்நிறங்கள் தெளிவுறச் சூரியன் உயர்ந்தும் முதுகுப்புறத்தே நின்றும் இருத்தல் வேண்டும். எனவே முற்பகல் பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையிலேயே உள்வழிகளிற் புகுவர். ஒருவர் பாய்மரத்தின்மீது ஏறி நின்று வழிகாட்டுவார். மாலையில் நங்கூரம் பாய்ச்சிவிட்டால், வெளியே அலை மோதினும் உள்ளே நீர் குளம்போற் கிடக்கும். முகிலற்ற வானுக்காகவும் இப்பருவம் விரும்பப்படுவதன் காரணம் இப்பொழுது விளங்கும்.

உல்லாசப் பயணிகள் வருமுன்னரே இக்காற்றை மாலைதீவார் வாணிபத்திற்குப் பயன்படுத்தினர். தென்மேல் காற்றில் இலங்கைக்கு வந்து, வாடை பிறந்தபின் அரிசி முதலிய பண்டங்களுடன் திரும்பினர். அவர்கள் கொணர்ந்த முதற்பொருள், சூரை மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்திய மாசிக்கருவாடு. மாசி மாதத்துக்கும் அதற்கும் உறவில்லை. மாலைதீவு மொழியில் ‘மஸ்’ என்றால் மீன். மலைநாட்டுக் கடைகளில் இன்றும் விற்பனையாகும் அம்மாசிக்குப் பின்னால் ஒரு காலத்தில் இரு பருவக்காற்றுகளும் இருந்தன.

அவ்வழியே 1344ஆம் ஆண்டில் வந்தவர் மொறொக்கோ நாட்டுப் பயணியான இப்னு பதூதா. மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்டவர், ஒன்பது நாட் பயணத்தின்பின் இலங்கையின் மலையொன்றைப் புகைத்தூண்போற் கடலிலிருந்து கண்டதாக எழுதியுள்ளார். அது எமது சிவனொளிபாதமலை. அதன் உயரம் 2,243 மீற்றர். மாணவர் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்: உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆற் பெருக்கினால் அடிவானத் தூரம் கிலோமீற்றரிற் கிடைக்கும்; விடை ஏறத்தாழ 169. திசைகாட்டும் தூணாய் மாலுமிகள் அதனைக் கொண்டதில் வியப்பில்லை. கரையிறங்கிய அவரை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்தி, ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செய்யும் யோகியர் நால்வரையும் பிராமணர் மூவரையும் துணையாக அனுப்பினார்.

வாடையின் தொடக்க மாதங்களோ அஞ்சத்தக்கவை. கார்த்திகை, மார்கழியில் வங்கக் கடலிற் சூறாவளிகள் எழும். 1964 டிசம்பர் 22, 23ஆம் நாட்களில் தனுஷ்கோடியை அழித்தது அத்தகைய ஒன்றே. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்குமுன், கோப்பித் தோட்டங்களுக்கு வந்த எம் முன்னோர் அக்கடலைப் பாய்த்தோணிகளிலேயே கடந்தனர். மன்னாரில் இறங்கிக் காடு கடந்து மாத்தளைக்கு நடந்த துன்பத்தைப் பலரும் எழுதியுள்ளனர். நடப்பதற்கு முன்னர் தோணியின் அடித்தட்டில் நெருங்கிக் கிடந்து காற்றை நம்பியிருந்த இரவுகளைப் பற்றி எழுதினோர் சிலரே. மலைநாட்டார் கடலறியாதவர் என்று கூறுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

வாடையையும் சோழகத்தையும் முற்றக் கற்றவர்கள் வல்வெட்டித்துறையார். அவ்வூரிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை, சிறு படகில் உலகைச் சுற்றியவரான வில்லியம் றொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் செலுத்தி, சுயஸ் வழியாக அத்திலாந்திக் சமுத்திரம் கடந்து, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தனர்.

இனி மலைக்குத் திரும்புவோம். வாடை தன் மழையைக் கிழக்குச் சரிவிற் பெய்துவிட்டு, வறண்ட குளிர்காற்றாய் மேற்குச் சரிவை அடைகின்றது. கொழுந்து மெல்ல வளர்ந்து மணம் செறிகின்றது. டிம்புள்ளத் தேயிலை சனவரி முதல் மார்ச்சு வரை சிறப்புப் பெறுவதன் காரணம் அதுவே. சிவனொளிபாத யாத்திரையும் டிசம்பர்ப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணை வரை நடைபெறுகின்றது. அதன்பின் சோழகம் எழும். பாய்ப்படகுகள் அதற்கு முன்னரே மாலைதீவை விட்டு அகன்றிருக்கும். அட்டனில் மழை பிடிக்கும். யூலையில் அதே காற்று மலை கடந்து வறண்டு இறங்க, நல்ல தேயிலையின் முறை ஊவாவுக்கு வரும்.