கமக்காரர் இல்லத்தின் வரவு செலவுக் கணக்கு

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இதனைக் காரணங்காட்டிக் கணக்கு எழுதுவதையே கைவிட்டோர் பலர். ஆயினும் கணக்கு எழுதாமையால் உழக்கு மிஞ்சுவதில்லை. அது எவ்வழியாகப் போயிற்று என்பது தெரியாமற் போவதே கண்ட பலன். வயலின் இலாப நட்டத்தை ஓரளவு மனத்தில் வைத்திருக்கும் கமக்காரரும் வீட்டுச் செலவை எழுதி வைப்பது அரிது. கடன் நுழைவது பெரும்பாலும் அந்த வாயிலாகவே.

வரவும் செலவும் ஒத்து வருவதில்லை

மட்டக்களப்பு வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரையில் பெரும்போக வேளாண்மை வடகீழ்ப் பருவமழையை நம்பி விதைக்கப்பட்டு, தை மாதம் முதல் பங்குனி வரை அறுவடையாகிறது. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்களின் நீர் பாயும் வயல்களிற் சிறுபோகமும் செய்யப்படுகிறது. ஆகவே நெற்செய்கையாளருக்குப் பணம் வருவது ஆண்டில் ஒருமுறை அல்லது இருமுறையே. செலவோ நாள்தோறும் உள்ளது. மாதச் சம்பளம் பெறுவோர் ஒரு மாதத்துக்குத் திட்டமிட்டாற் போதும். கமக்காரர் ஓர் அறுவடையிலிருந்து மறு அறுவடை வரைக்கும் திட்டமிடுதல் வேண்டும்.

கையில் உள்ள பணம் முழுவதும் வருமானமன்று

மூன்று ஏக்கர் வயலும் ஐந்து பேரும் உள்ள ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்வோம். இங்கு தரப்படும் எண்கள் முறையை விளக்குவதற்கு மட்டுமே. ஒவ்வொருவரும் தத்தம் எண்களை இட்டுக்கொள்ளல் வேண்டும்.

விளைந்த நெல் 5,000 கிலோ. ஆண்டு முழுவதற்குமான உணவுக்கு 850 கிலோவும் விதைக்கு 150 கிலோவும் நிறுத்தப்படுகின்றன. எஞ்சிய 4,000 கிலோ, கிலோ 110 ரூபா வீதம் விற்கப்பட்டு 440,000 ரூபா கைக்கு வருகிறது. அடுத்த அறுவடைக்கு ஆறு மாதம் உண்டு. இத்தொகையை ஆறால் வகுத்தால் மாதம் 73,000 ரூபாவுக்கு மேல் வருகிறது. அறுவடை முடிந்த மாதத்தில் வீட்டிலுள்ளோர் செலவு செய்வதும் இந்த எண்ணத்துடனேயே.

இப்பொழுது கணக்கை முறையாகப் பார்ப்போம்:

விற்ற நெல்லின் பணம் — 440,000 ரூபா
கழிக்க: பயிர்ச்செய்கைக் கடனும் வட்டியும் — 165,000 ரூபா
மீதி — 275,000 ரூபா
கழிக்க: அடுத்த போகத்துக்கான கைமுதல் — 150,000 ரூபா
வீட்டுச் செலவுக்கு உரியது — 125,000 ரூபா

இதனை ஆறு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் ஏறக்குறைய 20,800 ரூபாவே உண்டு. ஒரு போகம் மட்டும் விளையும் மானாவாரி வயலாயின், அதே பணத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிடும்போது மாதம் 10,400 ரூபாவளவே கிடைக்கும். 73,000 என்று எண்ணிச் செலவு செய்த குடும்பம் இரண்டாம் மாதம் முடியுமுன்னரே அடுத்த போகத்தின் கைமுதலில் கைவைத்துவிடும். விதைப்புக் காலத்தில் நகையை அடைவு வைக்க நேர்வதன் காரணம் பெரும்பாலும் இதுவே. எண் சிறிதாயிருப்பதைக் கண்டு மனந்தளர வேண்டியதில்லை. கூலிவேலை, கால்நடை, தோட்டம் ஆகியவற்றால் எவ்வளவு ஈட்டுதல் வேண்டும் என்பதையும் அவ்வெண்ணே முற்கூட்டி அறிவித்துவிடுகிறது.

உணவு நெல்லும் பணமே

வீட்டுக்கு நிறுத்திய நெல்லைப் பலர் கணக்கிற் சேர்ப்பதில்லை. அவசரத் தேவைக்கு அதனை விற்றுப் பின்னர் கடையில் அரிசி வாங்குவதும் உண்டு. மேற்கூறிய 850 கிலோ நெல்லை விற்றால் 93,500 ரூபா கிடைக்கும். அந்நெல்லிலிருந்து ஏறக்குறைய 550 கிலோ அரிசி பெறலாம். அவ்வளவு அரிசியைக் கடையில் கிலோ 230 ரூபாவுக்கு வாங்கினால் 126,500 ரூபா வேண்டும். வேறுபாடு 33,000 ரூபா. குற்றுக்கூலியைக் கழித்தாலும் இழப்புச் சிறிதன்று. ஆதலால் களஞ்சிய நெல்லைத் தனிக் கணக்காக எழுதி, ஆலைக்குக் கொண்டுசெல்லும் ஒவ்வொரு முறையும் கழித்து வருதல் நன்று.

வாரத் தவணைக் கடன்

வாரந்தோறும் தவணை செலுத்தும் நுண்கடன்கள் கிராமங்களில் எளிதாகக் கிடைக்கின்றன. 50,000 ரூபா பெற்று, வாரம் 1,250 ரூபா வீதம் 48 வாரம் செலுத்துவதாகக் கொள்வோம். மொத்தம் செலுத்துவது 60,000 ரூபா. வட்டி நூற்றுக்கு இருபது என்று தோன்றும். ஆனால் முதல் வாரம்தோறும் குறைந்துகொண்டே போவதால், முழுத் தொகையும் கடைசிவரை கடன்பட்டவர் கையில் இருப்பதில்லை. உண்மையான வட்டி அதனிலும் ஏறக்குறைய இருமடங்காகும். மேலும் இத்தவணை மாதமொன்றுக்கு ஏறத்தாழ 5,400 ரூபா; அதாவது மேலே கண்ட 20,800 ரூபாவில் நான்கிலொரு பங்குக்கும் அதிகம்.

இத்தகைய கடன்களால் நேர்ந்த துன்பம் சிறிதன்று. வறட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்றிருந்த, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத, தவணை தவறிய நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018ஆம் ஆண்டில் அரசு தீர்மானிக்க வேண்டியதாயிற்று. ஆறு மாதத்துக்கொருமுறை வரும் வருமானத்தை நம்பி வாரத் தவணைக் கடன் பெறுதல் ஆகாது. வாரந்தோறும் வருமானம் தரும் தொழிலுக்கே அது ஓரளவு பொருந்தும்.

தோட்டச் செய்கையாளருக்கு

எழுவான்கரையின் மணற்பாங்கான நிலத்தில், களுதாவளை முதலிய ஊர்களில், மிளகாய், வெங்காயம், வெற்றிலை, மரக்கறி ஆகியன பயிரிடுவோருக்குப் பணம் சிறுகச் சிறுக அடிக்கடி வருகிறது. அவ்வாறு வருவதாலேயே அது தெரியாமற் கரைந்தும் போகிறது. விற்ற அன்றே பசளை, நீரிறைப்பு, அடுத்த நடுகை ஆகியவற்றுக்குரிய பங்கைப் புறம்பாக எடுத்து வைத்து, மீதியைக் கொண்டே வீட்டுக்குப் பொருள் வாங்குதல் வேண்டும்.

எழுதும் முறை

1. வயற் கணக்கும் வீட்டுக் கணக்கும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும்.

2. உணவு, கல்வி, மருத்துவம், போக்குவரத்து, மின்கட்டணம், சடங்கும் விழாவும், கடன் தவணை எனச் செலவைத் தலைப்பு வாரியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மாதத்துக்கு இவ்வளவு என முன்னரே வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

3. பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, கண்ணகி அம்மன் சடங்கு, மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தம், நோன்புப் பெருநாள் ஆகியவை எதிர்பாராமல் வருவன அல்ல. இவற்றின் செலவைப் பன்னிரண்டாற் பங்கிட்டு மாதந்தோறும் சேமித்தல் வேண்டும்.

4. விலையுடன் அளவையும் எழுத வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைகள் முந்திய ஆண்டிலும் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது உயர்ந்திருந்தன. செலவு கூடியது விலை ஏறியதாலா, அளவு கூடியதாலா என்பதை அளவை எழுதியவரே அறிவர்.

5. செலவு செய்த அன்றே எழுத வேண்டும். கணவனும் மனைவியும் வாரம் ஒருமுறை ஒன்றாக இருந்து கணக்கைப் பார்த்தல் மிகவும் நன்று.

கணினியும் கைத்தொலைபேசியும்

இவை அனைத்தையும் ஒரு கொப்பியில் எழுதலாம். கூட்டலும் ஒப்புநோக்கலும் எளிதாக வேண்டுமாயின் மென்பொருளைப் பயன்படுத்தலாம். கைத்தொலைபேசியில் இயங்கும் கணக்கு அட்டவணையே பல குடும்பங்களுக்குப் போதுமானது. கணினி உள்ளோர் குனூகேஷ் என்னும் மென்பொருளை விலையின்றிப் பெறலாம். அதில் கணக்குகளின் பெயர்களைத் தமிழிலேயே இட்டுக்கொள்ளலாம்.

குனூகேஷ் இரட்டைப் பதிவு முறையில் இயங்குவது. 1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் லூக்கா பசியோலி என்பவர் தம் நூலில் அச்சிட்டு விளக்கிய முறை இது. பணம் எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது என்னும் இரண்டையும் ஒவ்வொரு பதிவிலும் குறிப்பிட வேண்டும். 150,000 ரூபா கடன் பெற்றால், "கடன்" கணக்கிலிருந்து "வங்கி" கணக்குக்கு வந்ததாகப் பதிவாகும். "வருமானம்" ஒரு சதமும் உயராது. களஞ்சிய நெல்லைச் சொத்தாக எழுதி, குற்றும்போது உணவுச் செலவுக்கு மாற்றலாம். கடனை வருமானமென்று மயங்கும் பிழையை இம்முறை தானே தடுத்துவிடுகிறது.

பாடசாலையிற் கணினி பயிலும் பிள்ளைகளைக் கொண்டு பதிவு செய்வித்தால் அவர்களுக்கும் குடும்ப நிலை விளங்கும். வங்கியின் இரகசிய இலக்கத்தை இத்தகைய மென்பொருள்களில் இடுதல் கூடாது. கணக்கின் பிரதியொன்றை வேறிடத்திலும் சேமித்து வைத்தல் வேண்டும். நாள்தோறும் எழுதாதவருக்கு எந்த மென்பொருளாலும் பயனில்லை.

முதற் பலன்

கணக்குத் தொடங்கிய முதற் போகத்திலேயே பணம் பெருகிவிடாது. ஆனால் அடுத்த விதைப்புக்கு எவ்வளவு கடன் உண்மையில் தேவை என்பது தெரியவரும். போகந்தோறும் 10,000 ரூபாவேனும் கைமுதலுடன் கூட்டி வைத்து, கடனை அவ்வளவு குறைத்துப் பெறும் குடும்பம், நாளடைவில் தன் நெல்லைத் தான் விரும்பிய காலத்தில் விற்கும் உரிமையைப் பெறும். அடுத்த அறுவடை நெல் விற்கும் நாளே இதற்குத் தகுந்த நாள். அன்று பணத்தைச் செலவிடுமுன் கடன், கைமுதல், வீடு என மூன்றாகப் பிரித்து முதற்பக்கத்தில் எழுதிவிட்டால், பாதி வேலை முடிந்ததாகும்.