பாதியில் கிளம்பும் பயிற்சியாளர்கள்

2021 நவம்பர் இறுதி. அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணி 12 ஆட்டங்களில் 11-ஐ வென்று, தேசியப் பட்டத்துக்கான இறுதிக்கட்டத்தில் இடம் கிடைக்குமா என்று காத்திருந்தது. அப்போதுதான் பயிற்சியாளர் பிரையன் கெல்லி லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினார். பத்து ஆண்டு ஒப்பந்தம். மொத்தச் சம்பளம் சுமார் 9.5 கோடி டாலர்.

2009-லும் இப்படித்தான். தோல்வியே காணாத சின்சினாட்டி அணியை, சீசனின் கடைசி ஆட்டமான சுகர் பவுலுக்கு முன்பே விட்டுவிட்டு நோட்டர் டேமுக்கு வந்தவர் அவர். அந்த ஆட்டத்தில் சின்சினாட்டி 24-51 என்று ஃபுளோரிடாவிடம் தோற்றது.

நல்ல வேலை கிடைத்தால் போவது குற்றமில்லை. தோற்றால் பல்கலைக்கழகமும் தயங்காமல் ஆளை நீக்குகிறது. 2025 அக்டோபரில் கெல்லிக்கும் அதுதான் நேர்ந்தது.

ஆனால் வீடு தேடி வந்து, பெற்றோரிடம் பேசி, பிள்ளையை அணிக்கு அழைத்துப் போகிறவர்கள் இந்தப் பயிற்சியாளர்கள்தாம். அந்தப் பிள்ளை வேறு கல்லூரிக்கு மாறினால் பொதுவாக ஓராண்டு களமிறங்க முடியாது என்ற விதி 2021 வரை இருந்தது. பயிற்சியாளரோ மறுநாளே புதிய அணியில் நிற்கலாம். ஒப்பந்தத்தை முறிப்பதற்கான பணத்தையும் பல நேரங்களில் புதிய பல்கலைக்கழகமே கட்டிவிடும்.

மாணவருக்கான தடை நீங்கிவிட்டது, நல்லது. சீசன் முடியும்வரை பிற அணியின் பயிற்சியாளரை அமர்த்தக்கூடாது என்றொரு விதியும் உடனே வர வேண்டும்.