சுவர் இருவருக்கும் உரியது, சொல்லிவிட்டுக் கட்டுங்கள்!



புதுச்சேரியின் முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் நடந்து செல்வோர் ஒன்றைக் கவனிக்கலாம். பள்ளிவாசலில் தொழுகை வரிசையில் நாம் நிற்பதைப் போலவே அங்குள்ள பழைய வீடுகளும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. ஒரு வீட்டின் உத்திரம் ஊன்றிய சுவரிலேயே அடுத்த வீட்டின் உத்திரமும் ஊன்றியிருக்கும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுந்த அந்த ஒற்றைச் சுவர்தான் இரு குடும்பங்களைப் பிரிக்கிறது. அதுவே இரு குடும்பங்களையும் தாங்குகிறது.

இன்று பழைய வீட்டை இடித்து மாடி எழுப்புவோர் பெருகியுள்ளனர். வீடு கட்டுவது குற்றமன்று. வசதியான இல்லம் இறைவனின் அருட்கொடையே ஆகும். ஆனால், பக்கத்து வீட்டாருக்கு இச்செய்தி எப்படித் தெரிய வருகிறது? பெரும்பாலும் கடப்பாரையின் ஓசையால் தெரிய வருகிறது! பிறகு சுவரில் விரிசல் விழுகிறது. ஓசையில் தொடங்கிய மனத்தாங்கல் காவல் நிலையம் வரை, சில வேளைகளில் நீதிமன்றம் வரை செல்கிறது. ஒரே வரிசையில் தொழுதவர்கள், ஸலாம் கூறுவதையும் நிறுத்திவிடுகின்றனர்.

பிறர் வீட்டில் அனுமதி பெறாமலும் ஸலாம் கூறாமலும் நுழையலாகாது என்று திருமறையின் சூரத்துந் நூர் நமக்குப் போதிக்கிறது. வாசலில் கால் வைப்பதற்கே அனுமதி வேண்டும் என்றால், அவ்வீட்டின் சுவரில் உளி வைப்பதற்கும் அதன் கடைக்காலை ஒட்டிப் பள்ளம் தோண்டுவதற்கும் எவ்வளவு அனுமதி வேண்டும்! சிந்தியுங்கள்.

முன்கூட்டி அறிவித்தல் ஒரு மரியாதை மட்டுமன்று. அது அடுத்தவரின் உரிமை. பங்காளியுள்ள வீட்டையோ தோட்டத்தையோ, அவருக்கு அறிவிக்காமல் விற்பது ஆகாது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. சொத்தை விற்பதற்கே அறிவிப்பு வேண்டும் என்னும்போது, பொதுச் சொத்தை இடிப்பதற்கு வேண்டாமா?

நம் கடலோர ஊர்களில் மிகுதியாகப் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபின் சட்டத்தை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது ‘மின்ஹாஜ்’ நூலில் தெளிவாக வகுத்துள்ளார்கள். இருவருக்குப் பொதுவான சுவரில், ஒருவர் மற்றவரின் அனுமதியின்றி முளை அடிக்கவும் கூடாது. சாளரம் திறக்கவும் கூடாது. ஆனால், அதில் சாய்ந்து கொள்ளலாம். தீங்கு விளைவிக்காத பொருளைச் சார்த்தி வைக்கலாம். ஒரு முளைக்கே இவ்வளவு கட்டுப்பாடு! கான்கிரீட் தூணுக்கு என்ன சொல்வது?

ஹனபி மத்ஹபைத் தழுவி 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசில் தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சட்டமும் இதையே கூறுகிறது. பங்காளியின் இசைவின்றிப் பொதுச் சுவரை உயர்த்துதல் கூடாது. அண்டை வீட்டின் கட்டடத்தை வலுவிழக்கச் செய்வதும், அதன் அடிப்படைப் பயனைத் தடுப்பதும் பெருந்தீங்கு என்று அது வரையறுத்தது. 14ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமி என்பவர், சுவர், சாளரம், வடிகால் பற்றிய வழக்குகளின் தீர்ப்புகளைத் திரட்டித் தனி நூலே எழுதினார். அவர் தொழிலால் ஒரு கொத்தனார் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது!

ஷரீஅத் இவ்வாறிருக்க, புதுச்சேரியின் பழைய சட்டம் என்ன கூறியது? பிரான்சில் 1804இல் தொகுக்கப்பட்ட குடிமைச் சட்டம் 1819இல் பிரெஞ்சிந்தியாவில் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் 662ஆவது விதி, அண்டை வீட்டாரின் சம்மதமின்றிப் பொதுச் சுவரைக் குடைவதையும் அதன்மீது புதிய கட்டுமானத்தைச் சார்த்துவதையும் தடுத்தது. அவர் மறுத்தால், அவருக்குத் தீங்கு நேராத வழியை வல்லுநர்களைக் கொண்டு முடிவு செய்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுச் சுவரில் வேலை செய்யுமுன் 2 மாதங்களுக்கு முன்பே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், அது சம்மதமாகக் கொள்ளப்படுவதில்லை; கருத்து வேறுபாடாகவே கருதப்படுகிறது. பேசாதிருப்பவர் மீது ஒரு சொல்லை ஏற்றிக் கூறலாகாது என்பது நம் பிக்ஹு நூல்களின் விதியுமாகும் அல்லவா!

மண்ணைத் தோண்டுவதன் ஆபத்தை நம் நகரமே கண்டிருக்கிறது. 2024 ஜனவரியில், புதுச்சேரி ஆட்டுப்பட்டியில், உப்பனாற்று வாய்க்கால் ஓரத்தில் புதிதாகக் கட்டிய அடுக்கு வீடு சரிந்து விழுந்தது. அருகே வாய்க்கால் வேலைக்காக மண் தோண்டப்பட்டு வந்தது. புதுமனை புகக் காத்திருந்த வீடு, குடிபுகும் முன்பே மண்ணோடு மண்ணானது. புதிய கட்டடத்தின் நிலையே இவ்வாறெனில், சுண்ணாம்புக் காரையால் எழுந்த பழைய சுவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

“சொன்னால் தடை போடுவார், பணம் கேட்பார்” என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்திற்கும் இஸ்லாம் மருந்து வைத்துள்ளது. அண்டை வீட்டார் தம் சுவரில் உத்திரம் பதிப்பதைத் தடுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அபூஹுரைரா (ரலி) அறிவித்தபோது, கேட்டவர்கள் முகம் திருப்பினர். அவர்களை அபூஹுரைரா (ரலி) கடிந்து கொண்டார்கள். இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள், தேவை இருந்து தீங்கு இல்லாதபோது மறுக்கவே கூடாது என்றார்கள். மற்ற இமாம்கள் பலர், இணங்குவது சிறப்பு என்றார்கள். ஆகவே, கட்டுபவர் மீது கேட்கும் கடமையும், கேட்கப்படுபவர் மீது காரணமின்றி முரண்டு பிடிக்காத பண்பும் சுமத்தப்பட்டுள்ளன. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக் கொண்டு வாதாடுவது நீதியாகாது.

பக்கத்து வீட்டார் இந்து ஆயினும் கிறிஸ்தவர் ஆயினும் இவ்வுரிமை குறையாது. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றே கேட்டார்கள்.

எனவே, செய்ய வேண்டியவை இவை. வேலை தொடங்குவதற்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே நேரில் சென்று சொல்லுங்கள். பிறகு எழுதியும் கொடுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் திருமறையே ஏவுகிறது. எந்தச் சுவர், எத்தனை அடி ஆழம், எந்நாளில் தொடக்கம், பொறுப்பான மேஸ்திரி யார், சேதம் நேர்ந்தால் யார் சீர்செய்வது என்பன அதில் இருக்கட்டும். பெற்றுக் கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வெளியூரில் வாழ்வோருக்கு ஒப்புதல் கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புங்கள். இருக்கும் விரிசல்களை இருவரும் சேர்ந்து பார்த்துப் புகைப்படம் எடுத்து வையுங்கள். நகர அமைப்புக் குழுமத்தின் அனுமதியைப் பெறுங்கள். ஐயம் இருப்பின் பொறியாளரையும் வழக்கறிஞரையும் கலந்து கொள்ளுங்கள். அரசின் அனுமதி அண்டை வீட்டாரின் உரிமையை அழித்துவிடாது என்பதையும் மறவாதீர்கள்.

காகிதத்தில் நான்கு வரி எழுத ஒரு மணி நேரம் போதும். உடைந்த உறவைச் சீராக்க ஓர் ஆயுளும் போதாமல் போகலாம். தானும் தீங்கு செய்யாமல், பிறர் தீங்குக்கும் ஆளாகாமல், அண்டை வீட்டார் மனம் குளிர வாழும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.