பம்பைக் கழற்றும் முன்...

ஏற்றத்தில் திணறி நின்றுவிடும் பழைய டீசல் வண்டிகளில் கோளாறு பல சமயம் விலை உயர்ந்த உறுப்பில் இருப்பதில்லை. எந்த வரிசையில் தேடுகிறோம் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது.

காத்கோதாமுடன் ரயில் பாதை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் குமாவுன் மலைகளுக்குப் போக ஜீப் அல்லது பஸ்தான். நைனிடால் 35 கி.மீ. தூரம், அதற்குள் சாலை சுமார் 1,400 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. ஒரு ஜூன் மாத சீசனில் நாங்கள் ஏறிய ஜீப்பில் டிரைவரையும் சேர்த்து ஒன்பது பேர். வண்டிக்கு இருபது வயதுக்கு மேல். ராணிபாக் தாண்டும் வரை ஒழுங்காகத்தான் போனது. அடுத்து வந்த ஒரு செங்குத்தான வளைவில் இழுவை குறைந்தது. டிரைவர் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தார், கியரை இறக்கினார். வண்டி ஒருமுறை குலுங்கி, வளைவின் நடுவிலேயே அடங்கிப்போனது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தபடி நின்றது.

பயணி ஒருவர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். பத்து நிமிடம் கழித்து செல்ஃப் அடித்ததும், எதுவுமே நடக்காதது போல எஞ்சின் உயிர் பெற்றது. இரண்டு கி.மீ. போயிற்று, மறுபடியும் நின்றது.

டிரைவர்தான் வண்டியின் சொந்தக்காரரும். ஹல்துவானியில் ஒரு பட்டறையில் ஏற்கெனவே காட்டியிருக்கிறார். டீசல் பம்பு போய்விட்டது, கழற்றி பெஞ்சில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அந்தச் செலவு சீசனில் அவருடைய ஒரு மாத வருமானம். பம்பு வெளியே இருக்கும் நாட்களில் வண்டி ஓடாது. தவணை மட்டும் ஓடும்.

இது அந்த ஒரு ஜீப்பின் கதை அல்ல. மலை மாவட்டங்களின் ஷேர் ஜீப்புகள், 1986-ல் அறிமுகமான டாடா 407-ன் பழைய வண்டிகள், சந்தைக்குக் காய்கறி ஏற்றும் வேன்கள் என்று நாட்டின் சிறு போக்குவரத்தில் பழைய டீசல் எஞ்சின்களின் பங்கு பெரிது. 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டில்லி வட்டாரத்தில் பத்து ஆண்டுகள் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்த பிறகு, அங்கிருந்து பல வண்டிகள் பிற மாநிலங்களில் விலைபோயின. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்த பிறகு வெளியான வண்டிகள் உடம்பெல்லாம் சென்சார்களோடு வருகின்றன. பட்டறையில் ஒரு கருவியைச் செருகினால் கோளாறின் எண் திரையில் தெரியும். பழைய வண்டிகளில் அந்த வசதி இல்லை. அங்கே மெக்கானிக்கின் காதும் கண்ணும், அவர் கேட்கும் கேள்விகளும்தான் கருவி. அவர் கேள்வி கேட்காமல் ஸ்பானரை எடுத்தால் நஷ்டம் வண்டிக்காரருக்கு.

டீசல் போகும் வழி

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. சிலிண்டருக்குள் இழுத்த காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்காக அழுத்தும்போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. எனவே ஆரோக்கியமான எஞ்சினுக்கு வேண்டியவை இரண்டுதான்: காற்று, உரிய நேரத்தில் டீசல். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் திடீரென்று நின்று, சற்று ஓய்வுக்குப் பின் மறுபடி ஓடுகிறது என்றால் முதல் சந்தேகம் டீசல் வந்து சேரும் வழியின் மீது விழ வேண்டும்.

அந்த வழி எளிமையானது. டாங்கிலிருந்து டீசலை ஃபீட் பம்பு உறிஞ்சுகிறது. ஃபில்டர் வழியாக இன்ஜெக்‌ஷன் பம்புக்குத் தள்ளுகிறது. அந்தப் பம்பு டீசலை நூறு மடங்கு காற்றழுத்தத்துக்கும் மேல் அழுத்தி, நாசில் வழியாகப் பனிப்புகை போலச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறது. பாஷ் நிறுவனம் 1927-ல் இத்தகைய பம்புகளைத் தயாரிக்கத் தொடங்கியது. இந்தியாவில் 1951-ல் தொடங்கப்பட்ட மைக்கோ அவற்றைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சேர்த்தது. மைக்கோவின் பெயர் 2008-ல் பாஷ் என்று மாறிவிட்டாலும், பட்டறைகளில் பம்பு இன்னமும் 'மைக்கோ பம்பு'தான்.

இந்தப் பாதையில் உறிஞ்சும் பகுதி எது, தள்ளும் பகுதி எது என்று பிரித்துப் பார்ப்பதே பாதி வைத்தியம். தள்ளும் பகுதியில் ஓட்டை விழுந்தால் டீசல் சொட்டும், கண்ணில் படும். உறிஞ்சும் பகுதியில் ஓட்டை விழுந்தால் சொட்டாமல்கூட இருக்கலாம். வெளிக்காற்று உள்ளே போகும். காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. குழாயில் காற்றுக் குமிழ்கள் இருந்தால் பம்பு அந்தக் காற்றைத்தான் அமுக்கிக்கொண்டிருக்குமே தவிர நாசிலைத் திறக்காது. வட இந்தியப் பட்டறைகளில் வண்டி 'ஹவா' எடுக்கிறது என்பார்கள். தமிழ்நாட்டில் 'ஏர் எடுக்குது.' வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், பலமுறை பயன்படுத்திய காப்பர் வாஷர் ஆகியவைதான் இதற்கு வழக்கமான காரணங்கள். எல்லாமே சில்லறை விலைச் சாமான்கள்.

எப்போது நிற்கிறது?

மருத்துவர் வலி எப்போது வருகிறது என்று கேட்பதைப் போல, நல்ல மெக்கானிக்கின் முதல் கேள்வியும் 'எப்போது?' என்பதுதான்.

வாரக்கணக்கில் இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தால் டீசல் ஃபில்டரோ ஏர் ஃபில்டரோ அடைத்துக்கொண்டிருக்கலாம். சமதளத்தில் நன்றாக ஓடி, ஏற்றத்தில் பாரத்தோடு மட்டும் மூச்சு முட்டினால் டீசல் போதிய அளவு வந்து சேரவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ய நேரமாகி, ஸ்டார்ட் ஆனதும் நின்றுவிட்டால் இரவில் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. மழைக்குப் பிறகோ புது இடத்தில் டீசல் போட்ட பிறகோ தொடங்கியது என்றால் தண்ணீர். டாங்கில் டீசல் குறையும்போது மட்டும் வந்தால் டாங்கின் அடியில் உள்ள குப்பையையோ உறிஞ்சுகுழாயின் விரிசலையோ பார்க்க வேண்டும்.

சாவியைத் திருப்பி அணைத்ததைப் போல, எந்தத் திணறலும் இல்லாமல் குண்டும் குழியுமான சாலையில் பட்டென்று நின்றால் டீசலை விட்டுவிட்டு ஒயரைப் பார்ப்பது நல்லது. ரோட்டரி வகைப் பம்புகளில் ஒரு சிறு மின்காந்த வால்வு இருக்கிறது. மின்சாரம் இருக்கும் வரைதான் அது டீசலுக்கு வழிவிடும். அதன் ஒயர் அதிர்வில் தளர்ந்தால் போதும், எஞ்சின் நின்றுவிடும்.

புகையும் சாட்சி சொல்லும். கரும்புகை என்றால் டீசல் இருக்கிறது, காற்றுதான் போதவில்லை. ஏர் ஃபில்டரையும், டர்போ இருந்தால் அதன் ஹோஸையும் பார்க்க வேண்டும். வெண்புகை பெரும்பாலும் எரியாத டீசல். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவது. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டரை எட்டவே இல்லை. மலையில் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. டர்போ இல்லாத வண்டி அங்கே சற்றுச் சோம்பலாக ஏறுவது கோளாறு அல்ல. நின்றுபோவதுதான் கோளாறு.

செலவில்லாத சோதனைகள்

வண்டி திணறும்போது ஓரம் கட்டி டாங்க் மூடியைத் திறந்து பார்க்கலாம். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்து, அதன் பிறகு வண்டி சரியாக ஓடினால், மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது. அதைச் சுத்தம் செய்தால் முடிந்தது.

அடுத்து, ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சிறிது நேரம் வைக்க வேண்டும். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். கறுப்பான வழவழப்புப் பொருளும் சேர்ந்து வந்தால், தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்ப் பாசியாக இருக்கலாம். ஃபில்டரை மாற்றினால் மட்டும் போதாது, டாங்கையும் கழுவ வேண்டும்.

மூன்றாவது, ஃபீட் பம்பின் மேலுள்ள கைப்பம்பு. ஃபில்டரின் பிளீட் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால் முதலில் நுரையாக வந்து பிறகு தெளிந்த டீசல் வர வேண்டும். நுரை நிற்கவே இல்லை என்றால் காற்று எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. ஒளி ஊடுருவும் ஹோஸ் ஒரு சாண் நீளம் பம்புக்கு முன்னால் பொருத்தினால் குமிழ்கள் கண்ணுக்கே தெரியும்.

எல்லாவற்றிலும் வழக்கைத் தீர்க்கும் சோதனை ஒன்று உண்டு. பயணிகளை இறக்கிவிட்டு, சுத்தமான டீசல் நிரம்பிய சிறு கேனை எஞ்சினைவிட உயரமாகவும் சைலன்சர் பைப்புக்கு எட்டாமலும் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு ஹோஸ் கொடுப்பது. அதே ஏற்றத்தில் வண்டி திணறாமல் ஏறினால் குற்றவாளி டாங்க் அல்லது டாங்கிலிருந்து வரும் குழாய், பம்பு நிரபராதி. அப்போதும் திணறினால்தான் ஃபில்டரையும் பம்பையும் நெருங்க வேண்டும்.

பம்பு தேய்வதே இல்லை என்பதல்ல. சுத்தமான டீசல் காற்றில்லாமல் பம்பு வரை வருகிறது. ஆனாலும் எஞ்சின் சூடேறிய பிறகு நின்று, ஆறிய பிறகுதான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் பம்பு தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சூட்டில் டீசல் நீர்த்துப்போய் தேய்ந்த இடைவெளிகளில் கசிகிறது. அதற்கு வழி பெஞ்சில் ஏற்றிச் சரிபார்ப்பதுதான். ஈய முத்திரையை உடைத்து டீசல் அளவைக் கூட்டும் திருகைத் திருப்புவது அல்ல. அதனால் வருவது இழுவை அல்ல, கரும்புகையும் எஞ்சின் சூடும்தான்.

நின்றால் என்ன ஆகும்?

இது பணத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. ஜீப், வேன்களில் பிரேக்குக்கு உதவும் வேக்குவத்தை எஞ்சின்தான் உண்டாக்குகிறது. எஞ்சின் நின்றபின் இரண்டு மூன்று மிதிகளுக்கு மேல் அந்த உதவி கிடைக்காது, பெடல் கல்லாகிவிடும். ஏர் பிரேக் உள்ள லாரிகளில் கம்ப்ரசர் நின்றுவிடுவதால், பிரேக்கை மிதிக்க மிதிக்கச் சேமிப்பிலுள்ள காற்று குறையும். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் கனத்துவிடும். நின்ற வண்டியை இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டி ஊர் சேரலாம் என்று நினைப்பது தற்கொலைக்குச் சமம். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாக மிதித்து ஓரம் கட்டி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைப்பதுதான் சரி.

சாலையோர வைத்தியத்திலும் ஆபத்து உண்டு. எஞ்சின் சுழலும்போது நாசில் பைப்பின் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல மட்டும் தெரியும். ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. விரலையே இழக்க நேரலாம்.

எங்கள் ஜீப் மூன்றாவது முறை நின்றது ஜோலிகோட் அருகே. அங்கே சாலையோரம் ஒரு வயதான மிஸ்திரி. டிரைவர் "உஸ்தாத், பம்பு போய்விட்டதாம்" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். மிஸ்திரி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. எப்போது நிற்கிறது, எவ்வளவு நேரத்தில் மறுபடி ஓடுகிறது, கடைசியாக டாங்கை எப்போது திறந்தார்கள் என்று மட்டும் கேட்டார். பிறகு எங்களை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு பானட்டில் ஒரு கேனைக் கட்டினார். ஜீப் அந்த வளைவில் ஏறிப்போய்த் திரும்பி வந்தது, ஒருமுறைகூடத் திணறவில்லை.

டாங்கை இறக்கிக் கவிழ்த்தபோது துருவோடு வந்து விழுந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு பாலிதீன் துண்டு. சில மாதங்களுக்கு முன் டாங்க் மூடி தொலைந்துபோக, டிரைவர் பாலிதீன் சுற்றிய துணியை அடைத்து ஓட்டியிருக்கிறார். அதில் கிழிந்த துண்டுதான் உள்ளே விழுந்திருக்கிறது. எஞ்சின் அதிகம் உறிஞ்சும் ஏற்றத்தில் அது குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்று உறிஞ்சல் அடங்கியதும் விலகி மிதக்கும். பத்து நிமிட மர்மம் அவ்வளவுதான்.

மிஸ்திரி கேட்ட கூலி ஒரு ஃபில்டரின் விலைகூட இல்லை. டிரைவர் அதற்கு மேல் ஒரு நோட்டை வைத்துக் கொடுத்தார். நைனிடாலில் எங்களை இறக்கிவிட்டதும் அவர் முதலில் போனது டாங்க் மூடி வாங்கத்தான்.