இரண்டு டன் எந்திரம் ஊர் வந்து சேருவது எப்படி?

மரம் அறுக்கும் எந்திரத்தை வாங்குவதற்குப் பணம் இருந்தால் போதும். அதை ஊர் கொண்டு வந்து சேர்ப்பதற்குப் பணம் மட்டும் போதாது. யோசனையும் வேண்டும்!

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் மர அறுவை மில்கள் நிறைய இருக்கின்றன. அங்கே ஒரு தச்சர் சிறிய பட்டறை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் இழைத்து இழைத்துத் தோள் தேய்ந்துவிட்டது. மனைவியின் நகையை அடகு வைக்கிறார். வங்கியில் கடனும் வாங்குகிறார். பஞ்சாப் மாநிலத்தில் உள்ள பட்டாலாவில் ஓர் எந்திரத்துக்கு விலை பேசி முடிக்கிறார். பட்டாலா, இரும்பு வார்ப்புக்கும் எந்திரத் தொழிலுக்கும் பெயர் பெற்ற ஊர்.

அங்கிருந்து செங்கோட்டைக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல். எந்திரத்தின் எடையோ 2 டன்.

வழியில் அது உடைந்துவிட்டால்? நகை திரும்பாது. கடன் மட்டும் நிற்கும்!

இரும்பு உடையுமா?

"இரும்புதானே, அதற்கு என்ன ஆகிவிடும்?" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

கை தவறி விழுந்த தோசைக்கல் இரண்டாக உடைவதைப் பார்த்திருப்பீர்கள். அது வார்ப்பு இரும்பு. மர வேலை எந்திரங்களின் உடலும், மேசையும் பெரும்பாலும் அதே வார்ப்பு இரும்புதான்.

ரம்பம் வேகமாகச் சுழலும்போது எந்திரம் அதிரும். அந்த அதிர்ச்சியை வார்ப்பு இரும்பு உள்ளே வாங்கிக்கொள்ளும். அதனால் பலகை நேராக அறுபடும். இதற்காகவே எந்திரத்தைக் கனமாகச் செய்கிறார்கள். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள வார்ப்பு இரும்புக் கட்டி சுமார் 200 கிலோ எடை இருக்கும்!

இந்த இரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கரி கலந்திருக்கிறது. அந்தக் கரி மெல்லிய தகடுகளாக இரும்புக்குள் படிந்திருக்கும். அதிர்ச்சியைத் தாங்குவது அதுதான். ஓங்கி அடிபட்டால் விரிசல் ஓடுவதும் அதன் வழியாகத்தான். மேலே எவ்வளவு பாரம் வைத்தாலும் தாங்கும். ஓர் அடி உயரத்திலிருந்து விழுந்தால் உடையும்.

நான்கு கேள்விகள்

லாரி புக்கிங் ஆபீசில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"அண்ணாச்சி, பஞ்சாபிலேருந்து ஒரு மிஷின் வரணும். வாடகை என்ன ஆகும்?"

"எடை எவ்வளவு?"

"பெரிய மிஷின்தான்."

"பெரிசுன்னா எப்படி அண்ணாச்சி வாடகை சொல்ல? எடை எவ்வளவு? நீளம், அகலம், உயரம் எவ்வளவு? அங்கே யார் ஏத்துவா? இங்கே யார் இறக்குவா?"

இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் வாடகை பேசக்கூடாது. குறைவாகச் சொல்லி வண்டியை வரவழைத்தால், அங்கே வந்த பிறகு தகராறுதான். ஏற்ற முடியாமல் வண்டி நின்றால், நிற்கும் நாளுக்கும் பணம் கேட்பார்கள்.

எடை, எந்திரம் செய்தவர்களின் விவரப் புத்தகத்தில் இருக்கும். இல்லாவிட்டால் எடை மேடையில் வண்டியை நிறுத்திப் பார்த்துவிடலாம்.

தனி லாரியா, பார்சலா?

பார்சல் சர்வீசில் அனுப்பினால் வாடகை குறைவு. ஆனால் சரக்கு ஒரே வண்டியில் வராது. ஒரு கிடங்கில் இறக்குவார்கள். வேறு வண்டியில் ஏற்றுவார்கள். மறுபடியும் இறக்குவார்கள். ஒவ்வொரு முறை கை மாறும்போதும் ஓர் ஆபத்து இருக்கிறது.

ரெயிலில் அனுப்பினாலும் இதே கதைதான். பட்டறையிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு வண்டி. ஸ்டேஷனிலிருந்து பட்டறைக்கு இன்னொரு வண்டி.

தனி லாரி என்றால் ஏற்றுவது ஒரு முறை, இறக்குவது ஒரு முறை. ஆனால் 2 டன் எந்திரத்துக்காக முழு லாரி பிடித்தால் செலவு தாங்காது. இதற்கு ஒரு வழி உண்டு. சிவகாசி, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பட்டாசும் தீப்பெட்டியும் ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் லாரிகள் வெறுமையாகத் திரும்புவதை விரும்புவதில்லை. இப்படித் திரும்பி வரும் வண்டியில் மற்றச் சரக்கோடு இடம் பிடித்தால் வாடகை குறையும். வழியில் இறக்கி ஏற்றக்கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். வண்டிக்காகச் சில நாள் காத்திருக்கவும் வேண்டும். அவசரப்படுகிறவர் கூடுதலாகக் கொடுக்கிறார்!

கட்டுவது எப்படி?

ஏற்றுவதற்கு முன் ரம்பத்தைக் கழற்றிவிட வேண்டும். மோட்டாரைத் தனியாகப் பெட்டியில் வைத்தால் நல்லது. கழற்றிய போல்ட்டுகளைப் பையில் போட்டு, எந்த இடத்துப் போல்ட் என்று எழுதி வைக்க வேண்டும். மேசையின் மீது கிரீஸ் தடவ வேண்டும். வழியில் மழை பெய்தால் துரு ஏறாமல் இருக்கும்.

எந்திரத்தைக் கனமான மரச்சட்டங்களின் மேல் நிறுத்திப் போல்ட் போட்டு இறுக்குவார்கள். கிரேன் தூக்கும்போது உடலைப் பிடித்துத் தூக்க வேண்டும். மேசையையோ, சக்கரம் சுற்றும் அச்சையோ பிடித்துத் தூக்கினால் எந்திரம் கெட்டது!

பிறகு கட்டு. பஸ் திடீரென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? எந்திரமும் அப்படியே சாயும். சரக்கு தன் எடையில் 10-ல் 8 பங்கு வேகத்தோடு முன்னால் தள்ளும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் கணக்கு. 2 டன் எந்திரம் 1,600 கிலோ பாரத்தோடு டிரைவரின் முதுகுப் பக்கம் தள்ளும். சாதாரணக் கயிறு இதைத் தாங்குமா? சங்கிலியோ, இறுக்கும் பட்டையோ வேண்டும். அடியில் நான்கு பக்கமும் கட்டை அடிக்க வேண்டும்.

வடக்கே இருந்து வரும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை ஜலந்தர், டெல்லி, ஆக்ரா, நாக்பூர், ஐதராபாத், பெங்களூர் வழியாக வருகிறது. தர்மபுரியைத் தாண்டியதும் தொப்பூர் கணவாய்! விபத்துகளுக்குப் பெயர் போன இறக்கம். அங்கே கட்டு அவிழ்ந்தால் போவது எந்திரம் மட்டும் அல்ல. டிரைவரின் உயிரும்தான்.

காகிதத்தைப் படியுங்கள்

சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், மாநிலம் விட்டு மாநிலம் வர "இ-வே பில்" வேண்டும். 2018-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் இது கட்டாயம். ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் ஒரு நாள் கணக்கு. 3,100 கிலோமீட்டர் என்றால் 16 நாள் செல்லும்.

லாரி கம்பெனி கொடுக்கும் ரசீதில் சரக்கின் உண்மை மதிப்பை எழுதச் சொல்லுங்கள். அதிலே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது.

சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-ல் வந்தது. அதற்கு முன் இருந்தது 1865-ம் ஆண்டுச் சட்டம். புதிய சட்டத்தின் விதிப்படி, சரக்குக்குச் சேதம் வந்தால் கம்பெனி கொடுக்க வேண்டிய நஷ்ட ஈடு பொதுவாக வாடகையைப் போல் 10 மடங்குதான். கூடுதல் பொறுப்புக்காகத் தனிக் கட்டணம் கட்டியிருந்தால்தான் அதற்கு மேல் கேட்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்திரத்தின் விலை 6 லட்சம். வாடகை 20 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். எந்திரம் நொறுங்கினாலும் கிடைப்பது 2 லட்சம். மீதி 4 லட்சம் யார் தலையில்? தச்சர் தலையில்தான்!

ஆகவே இன்சூரன்ஸ் எடுத்துவிட வேண்டும். "மரைன் இன்சூரன்ஸ்" என்று சொல்வார்கள். கடலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பயப்பட வேண்டாம். தரை வழியாக வரும் சரக்குக்கும் அதே பெயர்தான். யானை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கலாமா?

வாசலில் வந்த பிறகு

லாரி வந்துவிட்டது. தெரு முனையில் நிற்கிறது. உள்ளே நுழைய முடியவில்லை! தெருவின் அகலத்தையும், மின்சாரக் கம்பியின் உயரத்தையும், பட்டறைக் கதவின் உயரத்தையும் முன்பே அளந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

கிரேனுக்கும் முன்பே சொல்லி வைக்க வேண்டும். தரையில் இறங்கிய எந்திரத்தை இரும்புக் குழாய்களின் மேல் உருட்டி, கடப்பாரையால் நெம்பி நெம்பி உள்ளே கொண்டு போகலாம். அனுபவம் உள்ள ஆட்கள் நான்கு பேர் போதும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை மட்டும் தூரமாக நிறுத்துங்கள்.

டிரைவர் ரசீதை நீட்டுவார். உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தார்ப்பாயை விலக்கி, எந்திரத்தைச் சுற்றிப் பாருங்கள். விரிசல் இருந்தால் போட்டோ எடுங்கள். "இந்த இடத்தில் சேதம்" என்று ரசீதிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சரக்குப் பதிவான நாளிலிருந்து 180 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு கொடுத்தால் கோர்ட்டிலும் வழக்குச் செல்லாது. எழுதப் படிக்கத் தெரிந்த மகனோ மகளோ வீட்டில் இருந்தால், அன்று பக்கத்தில் இருக்கட்டும்.

தொலைவில் உள்ள எந்திரத்தின் விலை மலிவாகத் தெரியும். வாடகை, ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் அந்த விலையோடு கூட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மலிவாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். எந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், வண்டிக்கு வாடகை பேசி முடியுங்கள். அடகுக் கடையில் இருக்கும் நகை சீக்கிரம் வீடு திரும்பும்!